"இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள்
(தோட்ட மகளிர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், பேர், நிறுவை என்று எத்தனையோ தடவை பேசிவிட்டோம். இன்று நமது உடம்பைப் பற்றிப் பேசுவோம். வெட்கப்பட வேண்டாம்.

நானும் மலையில் கொழுந்து எடுத்தவள்தான். என் பக்கத்து நிரையில் நின்ற அக்கா ஒருவர் மூன்று வருடமாக டிஸ்பென்சரியில் "இடுப்பு வலி" என்றே சொல்லி வந்தார். வலி மாத்திரையும் பூசுகிற மருந்தும் கிடைத்தன. அவருக்கு இருந்ததோ கர்ப்பப்பை இறக்கம். கீழே ஏதோ இறங்கி வருவதைச் சொல்லக் கூச்சம். எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இடுப்பு என்பது ஒரே எலும்பு அல்ல. அடி இல்லாத கூடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இடுப்பெலும்புகள். அவை முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே ஒன்றாகச் சேர்கின்றன. பின்னால் முக்கோணமான திருவென்பு, அதன் நுனியில் வாலெலும்பு. கூடையின் அடியைத் துணிபோல் மூடியிருப்பவை இடுப்புத்தளத் தசைகள். உள்ளே முன்பக்கம் சலப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். இந்த மூன்றையும் கீழிருந்து தாங்குவது அந்தத் தசைகள்தான்.

பிள்ளைப்பேறு, பாரம் தூக்குதல், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், வயது ஆகியவற்றால் இந்தத் தளம் தளரும். அப்போது இருமினால் சலம் சிந்தும், கர்ப்பப்பையும் இறங்கலாம்.

ஆகவே எங்கே, எப்படி என்று பிரித்துச் சொல்லுங்கள். முதுகிலிருந்து காலுக்கு வலி ஓடினால் நரம்பாக இருக்கலாம். சலம் போகும்போது எரிந்தால் சலப்பையில் கிருமித் தொற்று இருக்கலாம். கீழே பாரமாக, ஏதோ இறங்குவதுபோல் இருந்தால் அதையே அப்படியே சொல்லுங்கள். மாதவிடாய் நின்றுபோன பிறகு இரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் உடனே டொக்டரிடம் போங்கள்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைத்தியம் உண்டு. ஆரம்பத்தில் பயிற்சி உதவும். சலத்தை அடக்குவதுபோல் கீழே இறுக்கி, ஐந்து வரை எண்ணித் தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது செய்ய வேண்டும். அதற்கு மேல் உள்ளே வளையம் வைப்பார்கள், தேவையானால் ஒப்பரேசன் செய்வார்கள். முதலில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போங்கள், காசு தேவையில்லை.

இதில் சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. முன்பு இரண்டு பிள்ளைகள் இருந்தால், அடுத்த பிள்ளைக்கு 42 நாட்கள்தான் பிரசவ லீவு. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள். தளர்ந்த தசை தேற அந்த ஓய்வு வேண்டும். ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். மலையில் கக்கூஸ் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல், சலத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். சலப்பை நோய்க்கு அதுவும் காரணம். நிறுவை மடுவத்துக்குப் பக்கத்தில் கக்கூஸ் வேண்டும். பாரம் சேரவிடாமல் அடிக்கடி கொழுந்து நிறுக்க வேண்டும். இந்த இரண்டையும் துரையிடம் எழுத்தில் கேட்போம்.

அந்த அக்கா ஒப்பரேசன் செய்து இப்போது சுகமாக இருக்கிறார். "மூன்று வருடத்துக்கு முன்பே வாயைத் திறந்திருக்கலாமே" என்று இன்றும் சொல்லுவார். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.