செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை

(கோவையில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியது)



இன்று மூன்று பேரை நினைத்துக் கொள்வதற்காக நாம் இங்கு கூடியிருக்கிறோம். ஒருவர், 2020 டிசம்பர் 11-ந் தேதி காலமான சிங்காநல்லூர் சாந்தி சோஷியல் சர்வீஸ் ஸ்தாபகர் சுப்பிரமணியம். இன்னொருவர், 2021 ஏப்ரல் 17-ந் தேதி தமது 59-வது வயதில் காலமான சிரிப்பு நடிகர் விவேக். மூன்றாமவர், நம் சத்தியமங்கலத்தில் பிறந்து, 2023 பிப்ரவரி 19-ந் தேதி 57-வது வயதில் காலமான நடிகர் மயில்சாமி.

இவர்களுக்கு நாம் பிண்டம் வைக்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. ஏனெனில் செத்தவர்களுக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. காக்கைக்கு வைத்த சோறு காக்கை வயிற்றுக்கும், புரோகிதருக்குக் கொடுத்த அரிசி புரோகிதர் வீட்டுப் பானைக்கும்தான் போகும். அப்படியானால் இந்தக் கூட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். இருக்கிறவர்களுக்காகத்தான். செத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இரண்டுதான். ஒன்று, அவர்கள் பெயரால் பொய் பரவ விடாமலிருப்பது. மற்றொன்று, அவர்கள் செய்த நல்ல வேலை நின்றுபோக விடாமலிருப்பது.

முதலாவது பொய்யைப் பற்றிச் சொல்லுகிறேன். விவேக் சினிமாவில் மூடநம்பிக்கையையும் ஜாதித் திமிரையும் சிரிக்கச் சிரிக்கக் கண்டித்தவர். அதனால்தான் ஜனங்கள் அவரைச் சின்னக் கலைவாணர் என்றார்கள். கொரோனா ஊசிக்கு ஜனங்கள் பயந்திருந்த காலத்தில், 2021 ஏப்ரல் 15-ந் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லோரும் அறியும்படி ஊசி போட்டுக் கொண்டார். மறுநாள் மாரடைப்பு, அதற்கு மறுநாள் மரணம். உடனே என்ன சொன்னார்கள்? "ஊசிதான் கொன்றுவிட்டது" என்றார்கள். இருதயத்திற்குப் போகும் முக்கியமான இரத்தக் குழாய் அடைபட்டிருந்ததாக வைத்தியர்கள் சொன்னார்கள். மத்திய சர்க்காரின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து, ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லையென்று அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஆனால் வதந்தி முந்திக் கொண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். பூனை குறுக்கே போயிற்று, வண்டி கவிழ்ந்தது என்கிறவனுடைய அறிவும் இந்த அறிவும் ஒன்றே. ஜனங்களின் பயத்தைப் போக்க வந்தவருடைய சாவையே பயமுறுத்தும் ஆயுதமாக்கினார்களே, இதைவிட அவருக்குச் செய்யும் அவமரியாதை வேறென்ன இருக்கிறது?

மயில்சாமி நம் கொள்கைக்காரரல்லர், பெரிய சிவபக்தர். அதனாலென்ன? கையிலிருந்ததைக் கேட்டவர்க்குக் கொடுத்தவர். வெள்ளத்திலும் கொரோனாவிலும் அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு ஓடி ஓடி உதவியவர். 2021-ல் விருகம்பாக்கம் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்ற பிறகும் உதவியை நிறுத்தாதவர். அவர் சிவராத்திரியன்று கேளம்பாக்கம் கோயிலில் கண்விழித்துவிட்டு வீடு திரும்பிய விடியற்காலையில் நெஞ்சுவலியால் மாண்டார். "சிவராத்திரியில் போனார், நேரே கைலாசம்தான்" என்று சிலர் பூரித்தார்கள். தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! கைலாசம் என்று சொல்லிவிட்டால், 57 வயது மனிதர் ஏன் போக வேண்டும், நெஞ்சு வலித்தால் உடனே எங்கே ஓட வேண்டும் என்கிற கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன. கேள்வி எழாத வீட்டில் அடுத்த சாவும் அப்படியேதான் வரும்.

இனி, வேலையைப் பற்றிச் சொல்லுகிறேன். சுப்பிரமணியம் சாந்தி கியர்ஸ் தொழிற்சாலையை ஆரம்பித்தார். 1996-ல் சாந்தி சோஷியல் சர்வீஸைத் தொடங்கினார். 2012-ல் தொழிற்சாலை கைமாறிய பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. குறைந்த விலையில் சோறு, மருந்து, இரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் இவையெல்லாம் அங்கே கிடைப்பது கோவையில் யாருக்கும் தெரியும். ஆனால் அதைச் செய்தவர் எதிரே நடந்து போனால் பலருக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் விளம்பரத்திற்கு ஒதுங்கியிருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

நான் அவரிடத்தில் மெச்சுவது ஒன்று. அங்கே சாப்பிடுகிறவன் காசு கொடுத்துச் சாப்பிடுகிறான். கொஞ்சக் காசுதான், ஆனாலும் கைநீட்டிப் பிச்சை வாங்காமல், விலை கொடுத்தவனாகத் தலைநிமிர்ந்து வெளியே வருகிறான். கொடுக்கிறவனுக்குப் புண்ணியம் சேர வேண்டுமென்று வாங்குகிறவனைக் குனிய வைப்பது தர்மமல்ல, வியாபாரம். வாங்குகிறவனுடைய சுயமரியாதையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் உதவி.

ஆனால் ஒரு மனிதருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது. நல்ல மனிதர் செத்தால் பசியும் கூடவே சாவதில்லை. ஆகையால் உதவி உரிமையாக வேண்டும். 1920-ல் நீதிக்கட்சியார் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட்டார்கள். 2022-ல் சர்க்கார் பள்ளிகளில் காலை உணவே வந்துவிட்டது. எந்தப் பிள்ளையும் அதற்காக யாரையும் கும்பிட வேண்டியதில்லை. அப்படித்தான் வைத்தியமும் ஆக வேண்டும்.

விவேக் ஒரு கோடி மரம் நட வேண்டுமென்று புறப்பட்டு, முப்பது லட்சத்துக்கு மேல் நட்டுவிட்டுப் போனார். மீதியை நடுவதற்கு அவர் வரப்போவதில்லை. ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டில் அடுத்த திவசம் வரும்போது அந்தச் செலவை எடுத்து, ஒரு ஏழையின் ஒரு வேளை டயாலிசிஸுக்குக் கட்டுங்கள். ஒரு வேம்பை நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நாற்பது வயது தாண்டியவர்களை அழைத்துப் போய் இரத்த அழுத்தம் பாருங்கள். செத்தவர்களுக்கு இதைவிட மேலான மரியாதை எனக்குத் தெரிந்து வேறில்லையென்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.