தீயும் ஏடும் திருப்பதியமும்



தீயாடியப்பர் என்றும் அக்கினீசுவரர் என்றும் நாம் போற்றும் பெருமான் எழுந்தருளியுள்ள இத்திருக்காட்டுப்பள்ளியில், தீயைப் பற்றிய சிந்தனையோடு தொடங்குவதே முறையாகும். தான் தொட்டன யாவும் அழிகின்றனவே என்று வருந்திய அக்கினிதேவன், ஈண்டுத் தீர்த்தத்தில் நீராடி இறைவனை வழிபட்டு அப்பழி நீங்கப் பெற்றான் என்பது தலவரலாறு. எரிப்பதையே தொழிலாக உடையவன், அழிவு கண்டு கலங்கினான்! உலகத்துப் பழைய நாகரிகங்களின் வரலாற்றைப் பயிலுந்தோறும் இச்செய்தியே நம் நெஞ்சில் முன்வந்து நிற்கிறது.

இன்றைய ஈராக் நாட்டில், தைகிரிசு ஆற்றங்கரையில், நினிவே என்றொரு மாநகரம் இருந்தது. அசீரியப் பேரரசின் தலைநகரம். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அதனை ஆண்ட அசுர்பனிபால் என்னும் மன்னன், போரில் கொடியவன். ஆயினும் தனக்கு எழுத்தறிவு உண்டு என்பதையே பெரும்புகழாகப் பொறித்து வைத்தவன். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நூல்களைத் திரட்டித் தன் அரண்மனையில் ஒரு நூலகம் கண்டான். அந்நாட்டு நூல்கள் ஓலையில் எழுதப்பட்டவை அல்ல. ஈரக் களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்துகளாக அழுத்தப்பட்டவை. கி.மு. 612-இல் பகைவர் படை புகுந்து நகரைக் கொளுத்திற்று. ஓலை எரிந்தால் சாம்பலாகும். களிமண் எரிந்தால் என்னவாகும்? சூளையிலிட்ட செங்கல்லாகும்! நகரை அழித்த நெருப்பே பலகைகள் பலவற்றைச் சுட்டு இறுக்கிக் காத்துக் கொடுத்தது. பலகைகளும் உடைந்த துண்டுகளுமாக ஏறத்தாழ 30,000 இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஏடு பிழைத்தது. ஆனால் அதனை ஓதுவார் பிழைத்தாரில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோண்டி எடுக்கப்படும் வரை, 2,400 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பலகைகள் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றுள் தெய்வங்களைப் போற்றும் துதிகளும் உண்டு. அறிஞர்கள் இன்று அவற்றின் பொருளைச் சொல்லுகிறார்கள். அத்துதிகளை நினிவேயின் கோயில்களில் எந்தக் குரலில், எந்த இசையில் பாடினார்கள் என்று பாடிக்காட்ட ஒருவர் இல்லை.

எகிப்தின் கதையும் இதற்கு இரங்கத்தக்க துணை. அங்கே அரசனே தெய்வமாகக் கொள்ளப்பட்டான். அவன் புகழ் கல்லிலே ஆழ வெட்டப்பட்டது. கல் அழியவில்லை. ஆனால் அச்சித்திர எழுத்தைத் தாங்கி நின்றவை அரசின் ஆதரவும் குருக்களின் சிறுகூட்டமுமே. இரண்டும் தளர்ந்தபோது எழுத்து ஊமையாயிற்று. பீலே என்னும் தீவுக்கோயிலில் கி.பி. 394-இல் வெட்டப்பட்டதே, காலம் குறித்த அவ்வகைக் கல்வெட்டுகளுள் கடைசியானது. பிறகு 1822-இல் சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வழி கண்டறியும் வரை, நூற்றாண்டுகள் பல அவற்றைப் படிப்பார் இலர்.

சிந்துவெளியை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். அங்குக் கிடைத்த முத்திரை ஒன்றில் யோக நிலையில் அமர்ந்த உருவத்தைச் சிவபெருமானின் முன்னுருவம் என்றார் சர் ஜான் மார்சல். கேட்கச் சைவர்களுக்கு இனிக்கிறது. ஆயினும் அறிஞரிடையே அது முடிந்த முடிபன்று. அவ்வெழுத்து அனைவரும் ஒப்பும்படி இன்றளவும் படிக்கப்படவில்லை. மேடைகளில் இதனை ஐயமற்ற உண்மைபோல் முழங்குவது நம் சமயத்திற்குப் பெருமை சேர்ப்பதாக நாம் கருதவில்லை.

இனித் தஞ்சைக்கு வருவோம். திருமுறை கண்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகள் கறையானுக்கு இரையாகிக் கிடந்தன. நம்பியாண்டார் நம்பிகளின் துணையோடு அரசன் எஞ்சியவற்றை மீட்டான் என்பது மரபு. இராசராசனுக்கு முன்பே, பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலேயே, திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் விட்ட செய்தி உண்டு. ஆகவே பாடுவோர் நாட்டில் அறவே இல்லாது போயினர் என்று கொள்ளவேண்டா. அம்மரபுக் கதையில் நம் உள்ளத்தைத் தொடுவது அதன் பிற்பகுதி. ஏடு கிடைத்தது, பண் தெரியவில்லை. பண்ணை எங்கே தேடுவது? எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடம் போய்க் கேட்டார்கள். அவ்வம்மையார் பாடக்கேட்டுப் பண் வகுத்தார்கள். கறையானால் எட்ட முடியாத இடத்தில், ஒரு மனித மிடற்றில், அது இருந்தது!

இக்கருத்தை நன்குணர்ந்தவன் இராசராசன் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டே சான்று. திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் 48 பேர், உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர், ஆக 50 பேரை அவன் அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இவ்வூர் உழவர்க்குக் குறுணியை விளக்க வேண்டியதில்லை, மூன்று மரக்கால். அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்று கூத்தப்பெருமான் திருப்பெயர்!

நெல் கொடுத்த மன்னர் பலர் உண்டு. அடுத்து அக்கல்வெட்டு கூறுவதே அரியது. இவர்களுள் ஒருவர் இறந்தாலோ, நாடு விட்டுச் சென்றாலோ என்ன செய்வது? அவருடைய நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடவேண்டும். அவ்வுறவினர் பாடும் தகுதி இல்லாதவராயின், தகுதியுடையாரைத் தேர்ந்து பாடச் செய்யவேண்டும். உறவினரே இல்லையாயின், எஞ்சிய பாடுவோர் கூடித் தக்க ஒருவரைத் தேர்ந்து அவ்விடத்தை நிரப்பவேண்டும். கவனியுங்கள்: ஒவ்வோர் இடத்திற்கும் அரசன் ஆணையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. தான் இல்லாத காலத்தையும் அம்மன்னன் எண்ணினான். தன்னைத் தெய்வமாக எண்ணிய அரசனுக்கு இவ்வெண்ணம் எளிதில் தோன்றுமா? அவனோ ‘சிவபாதசேகரன்’, சிவபெருமான் திருவடியைத் தலைமேல் கொண்டவன். முடிசூடினும் அரசனும் பசுவே, பதி ஒருவனே என்பது நம் சித்தாந்தம்.

அவன் வாழ்ந்த தஞ்சை அரண்மனை இன்று இல்லை. அவன் மகன் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எடுத்த மாளிகை, மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. பாட்டோ வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அன்பர்களே, அது தானாக வந்துவிடுவதில்லை. நம் காவிரிக் கரையிலேயே ஓதுவார் இல்லாத பாடல்பெற்ற தலங்கள் பல உண்டு. பதிகத்தைப் பளிங்குக் கல்லில் வெட்டிச் சுவரில் பதித்துவிட்டோம். நினிவேயிலும் எழுத்து இருந்தது! ஒலிநாடாவில் இசை வந்தது, இப்போது கைப்பேசியிலும் வருகிறது, நல்லதே. எனினும் கேட்டுக்கொண்டிருப்பவர் கூட்டம் வேறு, பாடத் தெரிந்தவர் கூட்டம் வேறு. இத்தலத்தைச் சம்பந்தப் பெருமான் ஒரு பதிகத்தாலும் அப்பரடிகள் ஒரு பதிகத்தாலும் பாடியிருக்கிறார்கள். அவ்விரண்டையும் ஏடு பாராமல், பண் பிறழாமல் பாடவல்லார் இவ்வூரில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்? கல்வெட்டு சொன்ன முறைப்படி, உறவினர் இல்லையென்றால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எஞ்சியிருப்போரிடம் வருகிறது. இன்று எஞ்சியிருப்போர் நாம்.

தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது. அதன்பின் பஞ்சபுராணம் ஓதப்படும். வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். பாடுபவர் வாய் தெரியும்படி அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.