வாசற்படி வெளிச்சம்



சித்திரைப் புத்தாண்டு நாளிலே நம் வீடுகளில் நிகழ்வதொன்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். மருத்துநீர் வைத்து நீராடி, புத்தாடை உடுத்து, கைவிசேடமும் பெற்றுக்கொண்ட பின்னர், "எல்லோரும் முற்றத்துக்கு வாருங்கள், ஒரு படம் எடுப்போம்" என்று யாரேனும் ஒருவர் கமெராவுடன் புறப்படுவார். நேரம் நண்பகலாக இருக்கும். வெளியே வெயில் நன்றாக எறிக்கிறது, ஆகவே படமும் நன்றாக விழும் என்பது அவருடைய எண்ணம். வந்த படத்தைப் பார்த்தாலோ, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரிய குழிகள். மூக்கின் நிழல் மேலுதட்டிலே மீசையாக விழுந்திருக்கும். அத்தைக்கும் மீசை, சித்திக்கும் மீசை!

குற்றம் கமெராவினுடையதன்று. கண்டி நகர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகை 18 கலையில் அமைந்தது. ஆதலால் ஆண்டில் இரு முறை, ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும், நண்பகற் சூரியன் நமது தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. புத்தாண்டு நாளன்று அது உச்சியிலிருந்து இரண்டு பாகை அளவே விலகியிருக்கும். அப்போது நெற்றியே கண்ணுக்குக் கூரையாகிவிடுகிறது. ஆண்டிலே நாம் மிகுதியாகப் படம் எடுக்கும் நண்பகல், முகத்துக்கு மிகவும் ஆகாத நண்பகலாக வாய்த்திருக்கிறது.

இதனை நான் ஏட்டில் படித்து அறிந்தேனல்லேன். கண்டிக்கு மேலே ஹந்தானை மலைச்சரிவிலே, லயத்து வீடொன்றில் வளர்ந்தவன் நான். பள்ளிப் பருவத்தில் ஒரு நண்பனிடம் கமெராவை இரவல் வாங்கி, கொழுந்து பறித்துவிட்டு மதிய உணவுக்காக வந்த என் அப்பாயியை வெயிலிலே நிறுத்திப் படம் எடுத்தேன். படத்தைக் கையில் வாங்கிய கிழவி, "ஏண்டா ராசா, என் கண்ணு எங்கடா?" என்று கேட்டாள். மறு மாதம் அவளை நகரத்துப் படப்பிடிப்பு நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். முகத்துக்கு நேரே இரண்டு பெரிய விளக்குகள், கன்னத்திலே மாவு, போதாக்குறைக்கு எடுத்த படத்தின் மேல் தூரிகை வேலை வேறு. வெள்ளை வெளேரென்று ஓர் அம்மாள் சட்டத்துக்குள் அமர்ந்திருந்தாள். அப்பாயி நெடுநேரம் பார்த்தாள். "இது யாரு வீட்டு அம்மாடா?" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

எழுபது வயதுக்கு மேற்பட்ட அவளுக்கு அதுவரை இருந்தவை அந்த இரண்டு படங்களே. ஒன்றிலே கண் இல்லை. மற்றதிலே அவளே இல்லை.

நல்ல படம் தென்மேற்குப் பருவ மழை நாளொன்றில் கிடைத்தது. அப்பாயி காம்பிராவின் வாசற்படியருகே பக்கவாட்டாக அமர்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். லயத்துக் காம்பிராவுக்கு வாசல் ஒன்று. உள்ளே அடுப்புப் புகையேறிய கருஞ்சுவர். காற்றோட்டமற்ற அந்த அமைப்பு வாழ்வதற்கு எத்துணை இடரானது என்பதை அங்கே வாழ்ந்தவர் அறிவர். ஆயின் முகத்தைப் படம் எடுப்பதற்கு அதனினும் சிறந்த கூடத்தை நான் இன்றுவரை கண்டிலேன். முகில் மூடிய வானம் முழுவதுமே ஒரு பெருவிளக்கு. மேலிருந்து விழும் ஒளியை இஸ்தோப்பின் தகரக்கூரை மறித்துவிடுகிறது. எஞ்சிய ஒளி தாழ்வாக, ஒரு பக்கத்தால் மட்டும் உள்ளே நுழைகிறது. நெற்றிச் சுருக்கம், கன்னத்து எலும்பு, மூக்குத்தி ஒவ்வொன்றும் தன் வடிவோடு எழுந்து நின்றன. நம்மைப் போன்ற கருநிற முகங்களுக்கு ஒளியை அள்ளிக் கொட்ட வேண்டுவதில்லை. தோலின் மினுக்கமே முகத்தின் மேடு பள்ளங்களை வரைந்து காட்டும். அம்மினுக்கத்தை எழுப்புவது பக்கத்தொளி.

உட்புறமிருந்த கன்னம் மட்டும் இருளில் மூழ்கிவிட்டது. தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டும் வெள்ளித்தாளை எடுத்து அப்பக்கம் பிடித்துப் பார்த்தோம். கத்தி வீசியது போலக் கூச்சம். தாளைக் கசக்கிப் பிடித்தோம், சற்றுத் தணிந்தது. ஈற்றில் தங்கை ஒரு வெள்ளை வேட்டியை விரித்து நின்றாள். இருள் இருந்த கன்னம் மெல்லத் துலங்கியது. கமெராவைப் பெட்டியின் மேல் வைத்து, கால் விநாடி திறந்தேன்.

இந்தப் பக்கத்தொளியை நாடியவருள் முன்னோடி ஒருவர் நம் மலைநாட்டிலேயே துயில்கிறார். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், தமது 48ஆம் வயதில்தான், 1863இல், கமெராவைக் கையிலெடுத்தார். இங்கிலாந்தின் வைட் தீவில் கண்ணாடி வேய்ந்த ஒரு கோழிக்கூடே அவருடைய கலைக்கூடம். கவிஞர் டெனிசன், வானியல் அறிஞர் ஹெர்ஷல் ஆகியோரின் முகங்கள் அவர் கமெராவில் இருளினின்று எழுந்தன. கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கை வந்து, 1879இல் இங்கேயே காலமானார்; கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. இங்கே அவர் எடுத்த படங்களுள் சிலவே எஞ்சியுள்ளன. ஒன்று எனக்கு உறுத்துகிறது. இங்கிலாந்துப் படங்களிலே பெரியோர் பெயர்கள் இருக்க, இலங்கைப் படங்கள் பலவற்றில் அமர்ந்திருப்பவரின் பெயரே இல்லை.

இன்று தேயிலைப் பெட்டிகள் அருகி, கடதாசிச் சாக்குகள் வந்துவிட்டன. கமெராவும் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. வாசற்படி அப்படியே இருக்கிறது. தானியங்கிக் கமெராவின் இயல்பொன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். காணும் காட்சி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொணரவே அது முயலும். வெண்மையான வானத்தின் முன் நிறுத்தினால் முகம் கருகும். இருண்ட அறையின் முன் அமர்த்தினால் முகம் வெளிறும். திரையிலே முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை வேண்டுமட்டும் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். முகத்தை அழகுபடுத்தும் வசதி என்று ஒன்று உண்டு, அதனை அணைத்துவிடுங்கள். அன்றைய மாவும் தூரிகையுமே அது. இரவாயின் ஒரு மின்குமிழ் போதும். அதனைக் கூரையில் விடாது, முகத்துக்குப் பக்கத்தில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள். குமிழை இரு மடங்கு தூரம் நகர்த்தினால் ஒளி நாலில் ஒன்றாகும் என்பதை நினைவிற் கொண்டால், எவ்வளவு நகர்த்துவது என்பது கைக்குப் பழகிவிடும்.

மழை நாளில் எடுத்த படத்தை அப்பாயி வாசலுக்கு எடுத்துச் சென்று பார்த்தாள். "மூக்குத்தி கூடத் தெரியுதே" என்றாள். படத்தின் பின்புறத்தில் அவளுடைய பெயரை அன்றே எழுதி வைத்தேன். எங்கள் வீட்டு நடுச்சுவரில் மாலையோடு இருப்பது அதுதான். வெயிலில் எடுத்த படத்தையும் நான் எறிந்துவிடவில்லை.