வினையும் மரபணுவும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில், கம்மாபுரத்தில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் கூடும் அவையில், இல்லங்களில் மறைத்தே பேசப்படும் ஒரு நோயைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வது பொருத்தமென்றே கருதுகிறேன். அது மார்பகப் புற்றுநோய்.

தாய்க்கு வந்த இந்நோய் பின்னர் மகளுக்கும் வந்தால், அதனைக் குலத்தின் பாவம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. நம் ஆகமம் அவ்வாறு கூறவில்லை. ஒவ்வோர் உயிரும் தான் ஈட்டிய வினையின் பயனைத் தானே நுகரும். தாயின் வினை மகளைச் சேராது. அப்படியாயின், தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவது எது?

அது உடலைச் சேர்ந்தது, மரபணு எனப்படுவது. பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டிரண்டு படிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. உயிரணுக்கள் பிரிந்து பெருகும்போது மரபணுக்களில் சிதைவுகள் நேர்வது இயல்பு. அவற்றைச் செப்பனிடும் பணியில் பங்கு கொள்பவை பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் இரு மரபணுக்கள்.

நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைக் கொண்டே இதனை விளக்கலாம். சூளையிலிருந்து இறக்கிய கலங்களைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டு விரிசல் கண்டு ஒதுக்க இருவர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தொடக்கம் முதலே இல்லையென்றாலும் மற்றவர் பணியைச் செய்துவிடுவார். அவரும் விலகினால் விரிசல் கண்ட கலங்கள் குவிந்துவிடும். பிறப்பிலேயே ஒரு படி பழுதுற்றவரின் நிலை இதுவே. மற்றொரு படியும் ஓர் உயிரணுவில் பழுதுற்றால், அங்கே புற்று தோன்ற வழி ஏற்படுகிறது.

இந்நோய் மரபுவழி வரக்கூடும் என்பதைப் பலர் ஏற்காதிருந்த காலத்தில், 1990இல் அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங், அதற்குரிய மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994இல் அம்மரபணு பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டு இரண்டாவதும் கண்டறியப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடந்துள்ளது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தோன்றியது அடையாறு புற்றுநோய் நிறுவனம். அந்நிறுவன ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் இம்மரபணுக்களை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐரோப்பிய யூதரிடையே பெரிதும் அறியப்பட்டிருந்த ஒரு பிழை, அதாவது பி.ஆர்.சி.ஏ. 1இல் இரண்டே எழுத்துகள் விடுபட்ட பிழை, தென்னிந்தியப் பெண்களிடமும் காணப்படுவதாகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2009இல் எழுதினர். மரபணுப் பிழை குலமும் சமயமும் பார்த்து வருவதில்லை.

அச்சம் அளவு கடக்க வேண்டா. மார்பகப் புற்றுநோய் கண்ட 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே அது பிறப்போடு வந்த பிழையால் நேர்வது. ஆயினும் இவ்விரு மரபணுக்களில் பிழையுடைய பெண்கள் 100 பேரில் 60க்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். சினைப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு மிகும். பிழையுடையவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது சேர்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தந்தை வழியாகவும் வரும். ஆதலால் அம்மாவின் தாய்வீட்டை மட்டும் வினவினால் போதாது. அத்தைமாரையும் அப்பாயியையும் பற்றிக் கேட்க வேண்டும்.

இளவயதில் வந்த மார்பகப் புற்று, இரு மார்பிலும் வந்த புற்று, சினைப்பைப் புற்று, ஆண்மகனுக்கு வந்த மார்பகப் புற்று ஆகியவற்றுள் ஒன்று குடும்பத்தில் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோய் மருத்துவம் உண்டு. இரத்தப் பரிசோதனையை இயன்றவரை நோய் கண்டவரிடமே முதலில் செய்வது முறை. பிழை இருப்பது தெரிந்தால், 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், 30 முதல் மேமோகிராமும் செய்துகொள்ளலாம். நோய் வருமுன் காக்கும் அறுவை மருத்துவமும் உண்டு. நோய் வந்தவருக்கு, இப்பிழையைக் கருதியே உருவான ஒலாபரிப் போன்ற மருந்துகளும் உள்ளன.

இத்தனை வழிகள் இருந்தும் தடையாக நிற்பது மௌனம். திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சி அத்தையின் நோயை மகளுக்கே சொல்லாமல் மறைக்கும் இல்லங்கள் உள்ளன. தன் மார்பில் கட்டி கண்ட பின்னரே அப்பெண் அதனை அறிகிறாள். வாய்மையும் கொல்லாமையும் நோன்பாகக் கொண்ட நமக்கு இது தகுமா? மணமகன் வீட்டாரும் அவளைக் குறையுடையவளாகக் கருதலாகாது. பிழை அவள் ஈட்டியதன்று. அதே பிழை மணமகனிடமும் இருக்கக்கூடும்.

வினைக்கு ஊற்று உண்டென்று கூறிய நம் நூல்கள், செறிப்பும் உதிர்ப்பும் உண்டென்று கூறி முயற்சியை வலியுறுத்தின. நோயிலும் அம்முயற்சி வேண்டும். இன்று இல்லம் திரும்பியதும் மூத்தோரிடம் அமர்ந்து, யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவ்வொரு தாள் உங்கள் பெண்மக்களைக் காக்கக்கூடும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. ஜெய் ஜினேந்திரா.