உபாத்தியாயரும் பாட்டும்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் தமிழ் உபாத்தியாயர் ஒருவர் பேசியது)



தலைவர் அவர்கள் என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்துகையில் பெரும் புலவர் என்றும், பாட்டுக் கடல் என்றும் என்னென்னவோ சொல்லிவிட்டார். நான் அப்படிப்பட்டவன் அல்ல. ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாய்த் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கி வருகின்றவன். பாட்டென்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு, அவ்வளவுதான். "ஒரு உபாத்தியாயர் வீட்டில் என்ன படிக்கிறார், அந்தப் படிப்பு அவர் வேலைக்கு என்ன உதவுகிறது என்பதைப் பற்றிப் பேசுங்கள்" என்று உங்கள் காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஆகவே என் சொந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் எனக்குக் கௌரவம் தராத சங்கதியும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உபாத்தியாயர் சொல்லுகிறாரே என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை நாலரை மணிக்கு எழுந்து, ஒரு டம்ளர் தேநீருடன் புறநானூற்றில் ஒரு பாட்டுப் படிப்பது என் வழக்கம். மொத்தம் நானூறு பாட்டு. அதில் இரண்டு பாட்டுக் கிடைக்காமலே போய்விட்டது. சில பாட்டுகள் சிதைந்து அரைகுறையாய் நிற்கின்றன. நாளைக்கு ஒன்றாகப் படித்தால் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகும். பிறகு மறுபடி முதலிலிருந்து. இப்பொழுது என்னிடம் இருப்பது மூன்றாவது பிரதி; முந்தின இரண்டும் கிழிந்து போயின. நான் இதைப் படிக்கும் அதே நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கந்தர் சஷ்டி கவசம் படிப்பார். அவர் குரல் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். "பாவம், அர்த்தம் யோசியாமல் தினமும் ஒப்பிக்கிறாரே" என்று நான் மனதிற்குள் சிரித்ததுண்டு. அப்படிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பது தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

நிற்க, அந்தப் புஸ்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏடுகளில் கிடந்த புறநானூற்றை உ. வே. சாமிநாதய்யர் அச்சில் கொண்டுவந்தது 1894-ம் வருஷம். அதற்கு முன் நம்மைப் போன்றவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஏடு யார் வீட்டில் இருந்ததோ அவர்களுடைய சொத்தாய் இருந்தது. அச்சுக் கூடம் வந்த பிறகுதான் ஒரு கூலிக்காரன் மகனாகிய நான் அதைக் காசு கொடுத்து வாங்கி, என் இஷ்டம் போல் அடிக்கோடு போட்டுக்கொள்ள முடிந்தது. அதைப் பாடியவர்கள் எல்லாரும் அரண்மனைக்காரர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர். அறுவை வாணிகன் என்றால் ஜவுளி வியாபாரி. மதுரைக் கணக்காயனார் என்று ஒருவர். கணக்காயர் என்றால் என்னைப் போல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். அவரும் என்னைப் போலவே பிள்ளைகளின் சத்தத்திற்கு நடுவில் பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருப்பார் அல்லவா?

ஆனால், தோழர்களே, வீட்டில் இவ்வளவு ஆசையாய்ப் படிக்கிறவன் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "நாளைக்குப் பாராமல் ஒப்பிக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டேன். ஒப்பித்தவன் கெட்டிக்காரன், தடுமாறினவன் மக்கு. ஆரம்பத்தில் சில வருஷம் பிரம்பும் வைத்திருந்தேன். பசியோடு வந்த பிள்ளை முதல் மணியில் தடுமாறினால் அதற்கும் அடிதான். 2022-ல் காலைச் சிற்றுண்டித் திட்டம் ஆரம்பமானபோது, முதல் மணியில் சிறு பிள்ளைகள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான், அத்தனை வருஷமாய் நான் மந்தபுத்தி என்று நினைத்தது எத்தனை பேருக்கு வெறும் பசியாய் இருந்திருக்கும் என்று யோசித்தேன். அதுவும் அப்பொழுது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். என் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்தச் சங்கதிக்கு வருகிறேன். சில வருஷத்திற்கு முன், ஏழாம் வகுப்பில் பாடம் சீக்கிரம் முடிந்து கால்மணி நேரம் மிச்சம் இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பின் பெருமையைச் சொல்லலாம் என்று எண்ணிப் புறநானூற்று 183-ம் பாட்டைச் சொன்னேன். பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. ஆசிரியருக்குக் கஷ்டம் வந்தால் உதவி செய்து, பொருள் கொடுத்து, பணிந்து நின்றாவது படிப்பது நல்லது என்கிறான். ஏன் என்றால், ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளும் சிறப்புடைய பிள்ளையின் பக்கம்தான் தாயின் மனமும் சாயும். ஒரு குடும்பத்தில் மூத்தவனை விட்டு அறிவுள்ளவன் சொல்லும் வழியில்தான் அரசும் நடக்கும். நாலு வருணத்தில் கீழ் என்று சொல்லப்பட்டவன் படித்துவிட்டால் மேல் என்று சொல்லப்பட்டவனும் அவனிடம் வந்து பணிவான் என்கிறான். இந்தக் கடைசி வார்த்தைக்காக அந்தப் பாட்டை நான் இருபது வருஷமாய்த் தலையில் வைத்துக் கூத்தாடியிருக்கிறேன். எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் தகப்பனார் நோயில் விழுந்தவர். அவள் அண்ணன் பத்தாவதோடு நின்று செங்கல் சூளைக்குப் போகிறவன். அவள் கேட்டாள்: "ஸார், அப்படியானால் எங்கள் அம்மாவுக்கு அண்ணனைவிட என்மேல் பிரியம் அதிகமாய் இருக்க வேண்டுமா? அண்ணன் நின்றதால்தானே ஸார் நான் படிக்கிறேன்?"

வகுப்பு நிசப்தமாகிவிட்டது. அவளோ விடவில்லை. "படித்தால்தான் கீழே இருக்கிறவருக்கு மரியாதை என்றால், மேலே இருக்கிறவர் படிக்காவிட்டாலும் மேலேயேதான் இருப்பாரா ஸார்?" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டில் குற்றம் சொல்ல நீ யார்? உட்கார்" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது. ஆனால் அன்றைக்கு நான் நோட்டுப் புஸ்தகம் திருத்த உட்கார்ந்தால் எழுத்துத் தெரியவில்லை. பழையது, பெரியவர்கள் சொன்னது, கேட்கக் கூடாது. இந்த மூன்று வார்த்தையை யார் யாரிடம் கேட்டு நாம் கோபப்பட்டிருக்கிறோமோ, அதே வார்த்தையை என் வாயால் நானே ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்லியிருக்கிறேன். புஸ்தகம் வேறு, பூஜை ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இரவு அந்தப் பாட்டை மறுபடி எடுத்து, இந்தத் தடவை அவள் கண்ணால் படித்தேன். படிப்பு வேண்டும் என்று அரசன் சொல்லுவது உண்மையே. ஆனால் அந்த மேல், கீழை அவன் கலைக்கவில்லை. கீழே இருக்கிறவன் ஏறுவதற்கு ஒரு ஏணி வைக்கிறான்; ஏற முடியாதவனைப் பற்றி அவனுக்குப் பேச்சே இல்லை. சூளையில் கல் சுமக்கிறவனுக்கு அந்தப் பாட்டில் இடம் கிடையாது. அவன் காலத்துக்கு அவ்வளவு சொன்னதே பெரிது என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் நம் காலத்துப் பெண் அவனைவிட ஒரு படி தூரம் பார்த்துவிட்டாள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனை விசாரியாமல் கொல்லச் செய்த பாண்டியன் இந்த நெடுஞ்செழியன்தான் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் படிப்பைப் பற்றி இவ்வளவு அழகாய்ப் பாடியவனுக்கு, ஒரு பொற்கொல்லன் சொன்னதை இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை! தப்புத் தெரிந்தவுடன் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். அது அவனுக்குப் பெருமைதான். கோவலன் மட்டும் திரும்பி வரவில்லை.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தப்பு, நீ கேட்டது சரி" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிரில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லுவதற்குக் கஷ்டமாய்த்தான் இருந்தது. பிறகு அதே புஸ்தகத்தில் 192-ம் பாட்டைச் சொன்னேன். கணியன் பூங்குன்றனார் பாடியது. அதன் முதல் அடியை எழுதி வைக்காத சுவர் இல்லை. கடைசியில் அவர் என்ன சொல்லுகிறார் என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. பெரியவரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்பது அவர் முடிவு. ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல் உயிர் முறைப்படி போகும் என்று அதற்கு அவர் சொல்லும் காரணத்தை நான் ஒப்பவில்லை. அதில் விதியின் வாடை அடிக்கிறது. முடிவை ஒப்புகிறேன். இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு பாட்டையும் எதிரெதிரே கரும்பலகையில் எழுதி, எது சரி, ஏன் என்று கேட்டேன். அன்று எழுந்த கூச்சலில் தலைமை ஆசிரியரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாயே திறக்காத பையன்கள் பேசினார்கள். ஒருவனையும் நான் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் பாதிப் பேருக்கு இரண்டும் மனப்பாடமாய் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அண்ணன் இருந்தான். பாட்டு விஷயம் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. "அதைப் படியுங்கள் ஸார், கேட்போம்" என்றான். அரசன் பாட்டைப் படித்தேன். கேட்டுவிட்டு, "இவர் கல் சுமந்திருக்க மாட்டார்" என்று சொல்லிச் சிரித்தான். அவன் தாயார் அடுப்படியிலிருந்து, "எனக்கு இரண்டு கண்ணில் எது பெரிது என்று அந்த ராஜா வந்து சொல்லட்டும்" என்றார்.

"வேலை செய்கிறவர்கள் பாடியது இதில் இருக்கிறதா?" என்று அவன் கேட்டான். 66-ம் பாட்டைப் படித்துக் காட்டினேன். வெண்ணிக் குயத்தியார் பாடியது. குயவர் குலத்துப் பெண் என்கிறார்கள். வெண்ணிப் போரில் ஜெயித்த கரிகாலனிடம், நீ ஜெயித்தாய், சரி. முதுகில் புண் பட்டதற்கு வெட்கப்பட்டு வடக்கிருந்து உயிர் விடுகிற அந்தச் சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று அந்த அம்மாள் கேட்கிறார். ஜெயித்த ராஜாவின் முகத்துக்கு நேரே!

அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "புஸ்தகத்தை இங்கே வைத்துவிட்டுப் போகிறீர்களா ஸார்?" என்றான். வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் சாயங்காலங்களில் இந்த வாசகசாலைக்கு வருகிறவன்தான். இப்பொழுதும் அதோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே காரியதரிசி அவர்களை நான் கேட்டுக்கொள்ளுவது என்னவென்றால், வரும் வருஷத்துக் கணக்கில் உரையோடு கூடிய புறநானூறு இரண்டு பிரதி வாங்கி இங்கே போட வேண்டும். ஒன்று இரவல் கொடுப்பதற்கு. மற்றொன்றை, நான் நாலாவது பிரதி வாங்கும் வரையில், காலை வேளையில் நானே வந்து படித்துக்கொள்ளுகிறேன்.