கே. பி. சுந்தராம்பாளும் நம் லயத்துப் பாட்டிகளும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையில் யாரைச் 'சகாப்தம்' என்று சொல்லலாம் என்பது பற்றி எங்கள் வகுப்பின் சார்பில் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் இரண்டு வாரம் நன்றாகப் பாடிய பிள்ளையைக்கூட நடுவர்கள் எழுந்து நின்று 'லெஜண்ட்' என்கிறார்கள். சொல் அவ்வளவு மலிந்துவிட்டது. ராகம் கண்டுபிடிக்கத் தெரியாத நாங்கள் இதைப் பேசலாமா என்று தயங்கினோம். ஒரேயொரு பாடகியைப் பற்றிப் பேசினால் கரை சேரலாம் என்று தோன்றியது. அவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். குரல் புதிதாக இருக்காது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால், கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவைப் பாட்டி சமாதானப்படுத்தும் பாட்டுப் போடுவார்களே, 'திருவிளையாடல்' படத்துப் பாட்டு, அந்தப் பாட்டிதான் இவர்.

1908இல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தவர். தகப்பன் இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை. சிறுமியாக இருக்கும்போதே ரயில் பெட்டிகளில் பாடிக் காசு வாங்கியவர். அப்படி ஒரு ரயிலில்தான் எஃப். ஜி. நடேச ஐயர் என்ற ரயில்வே அதிகாரி அவருடைய பாட்டைக் கேட்டார். அவர் நாடகப் பித்தர். பிள்ளையை வேலு நாயரின் நாடகக் கம்பனியில் சேர்த்துவிட்டார். (நம் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் வேறு. அவரிடம் பிறகு வருகிறோம்.) முதலில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழுகிற பிள்ளையின் வேடம். அதற்கு யாரும் நடிப்புச் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகள் கடல் கடந்து கொழும்புக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடும். சுந்தராம்பாளும் வந்தார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் முதன்முதலில் சேர்ந்து நடித்தது 1920களின் நடுவில் நம் கொழும்பில்தான் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் சங்கம் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம். அப்போது எஹலியகொடவிலும் ரயில் நின்றது. களனிவெளிச் சிறு ரயில் அவிசாவளையைத் தாண்டி எஹலியகொட வழியாக இரத்தினபுரிக்குப் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஏறினால் கொழும்பில் நாடகம் பார்த்துவிட்டு வரலாம். ஏறியவர்கள் கந்தோர் ஐயாமாரும் கடை முதலாளிமாரும்தான். விடியுமுன் பிரட்டில் நின்று இறப்பர் மரத்துக்குக் கத்தி வைக்கப் போன நம் கொள்ளுப்பாட்டிகளுக்கு டிக்கெட்டும் இல்லை, லீவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நாடக மேடையில் ஒலிவாங்கி கிடையாது. இரவு தொடங்கினால் விடியும்வரை, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாட வேண்டும். வைத்தியர்களாகச் சொன்னால், பெண்ணின் குரல்நாண் என்பது ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ள இரண்டு மடிப்புகள். உச்சத்தில் பாடும்போது அவை ஒரு வினாடிக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் மோதுகின்றன. இங்கே இருக்கும் ஆசிரியைகளில் சிலருக்கு நாற்பது பிள்ளைகளைச் சத்தம் போட்டு அடக்கியே தொண்டை கட்டிக்கொள்கிறது. (தண்ணீர் குடியுங்கள், டீச்சர். மூன்று வாரத்துக்கு மேல் குரல் அடைத்திருந்தால் காட்டிவிடுங்கள்.) சுந்தராம்பாளின் தொண்டை இந்த வேலையைச் செய்துகொண்டே ஐம்பது வருடம் நின்றது. 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற இந்திய தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது.

எங்களைக் கேட்டால் அந்த உச்சஸ்தாயியைவிடப் பெரிய விடயம் சொல். அவர் பாட்டில் ஒரு சொல்லும் சிதையாது. எழுத்துத் தெரியாத ஒருத்தி இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை சேர்ந்து பாடலாம்.

அவர் வாழ்க்கை சுகமானதல்ல. 1927இல் கிட்டப்பாவைக் கைப்பிடித்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அப்போது இவருக்கு இருபத்தைந்து வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார். அந்த வெள்ளைச் சேலையை இன்றைய பெண்கள் நாங்கள் கொண்டாட மாட்டோம். விதவை மூலையில் இருக்க வேண்டும் என்ற காலம் அது. ஆனால் அவர் மூலையில் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் போட்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு வாங்கிய சம்பளம் ஒரு இலட்சம் ரூபா. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை, அது வேறு கதை. காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தியோடு நின்று பாடினார். பிறகு சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1953இல் 'ஔவையார்' வந்தது. ரயிலில் பாடிய பிள்ளை ஊருக்கெல்லாம் பாட்டியாகிவிட்டார்.

எம். எஸ். சுப்புலட்சுமி இல்லையா, டி. கே. பட்டம்மாள் இல்லையா என்று அக்காமார் கேட்பது புரிகிறது. இருவரும் மலைகள். பாரத ரத்னா விருது பெற்ற முதல் இசைக் கலைஞர் எம். எஸ். ஆண்களுக்கென்று வைத்திருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் துணிந்து பாடியவர் பட்டம்மாள். அவர்களின் உயரத்தை அளக்கச் சபாக்களும் வித்துவான்களும் இருக்கிறார்கள். சுந்தராம்பாளின் உயரத்தை நாங்கள் அளந்தது ஒரு வார்டில்.

சில வருடங்களுக்கு முன் பாரிசவாதத்தால் வலது கை கால் விழுந்து ஓர் அம்மா வந்தார். இறப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். பேச்சு முழுவதும் போய்விட்டது. மகளைக் காட்டி இது யார் என்று கேட்டால் வாய் கோணும், கண்ணீர் வரும், பெயர் வராது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பக்கத்துக் கட்டிலில் யாரோ கைத்தொலைபேசியில் அந்த முருகன் பாட்டைப் போட்டார்கள். இந்த அம்மா சேர்ந்து பாடத் தொடங்கினார். முனகல் இல்லை, சொல் சொல்லாக, பிசகாமல். தாதி மாத்திரைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பேச்சை நடத்தும் பகுதி பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அங்கே இரத்தம் அடைபட்டாலும், பாட்டோடு சேர்ந்து பதிந்த சொற்கள் பல நோயாளிகளுக்குத் தங்கிவிடுகின்றன. 1970களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியர்கள் இதிலிருந்து ஒரு பேச்சுச் சிகிச்சை முறையையே உருவாக்கினார்கள். எங்களை நிறுத்தியது வேறொன்று. அந்தப் படத்தை அம்மா பார்த்ததே இல்லை என்று மகள் சொன்னாள். வானொலியில் விடியற்காலைப் பக்திப் பாடலாகவும் கோயில் ஒலிபெருக்கியிலும் கேட்டதுதான். சுந்தராம்பாளின் முகம் அவருக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. தன் பிள்ளையின் பெயரே வராத வாயில் அவருடைய பாட்டு வந்தது. 'சகாப்தம்' என்ற சொல்லை நாங்கள் இனி இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும்தான் செலவழிப்போம்.

கதை அத்தோடு முடியவில்லை. முருகன் பாட்டு முடிந்ததும் அம்மா நிறுத்தவில்லை. ஒரு தாலாட்டுக்குப் போனார். கங்காணி, கொழுந்துக் கூடை, மாமன் கொண்டு வரும் வெள்ளிக் காப்பு எல்லாம் அதில் வந்தன. அது எந்தப் படத்திலும் இல்லை. மகளுக்குப் பாதிதான் தெரிந்தது. பேத்திக்கு ஒன்றும் தெரியாது. அவளும் நம் பாடசாலைப் பிள்ளைதான்.

சுந்தராம்பாளுக்கு இசைத்தட்டு இருந்தது. அதனால் ரயில் டிக்கெட் இல்லாதவர்களிடமும் அவர் வந்து சேர்ந்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1930களில் தோட்டங்களில் கூட்டம் கூட்டித் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகப் பாடினார். அவருக்குச் சின்னஞ்சிறு பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதனால் தப்பிய பாட்டுகள் உண்டு. நம் சப்ரகமுவப் பக்கத்தில் லயத்துக்கு ஒருத்தியாவது தாலாட்டோ ஒப்பாரியோ தெம்மாங்கோ வைத்திருக்கிறாள். அவளிடம் தட்டும் இல்லை, புத்தகமும் இல்லை. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடுவதற்கு ஆண்களாவது ஒரு குழுவாக இருக்கிறார்கள். தாலாட்டுக்கு ஏது குழு? அதைப் பாடுபவர் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார். நாங்கள் அவர்களுடைய இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறவர்கள், அதனால் சொல்கிறோம்: அதிகக் காலம் இல்லை.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வகுப்பில் நன்றாகப் பாடிய நான்கு பேர் இருந்தார்கள். பெரியபிள்ளையானதும் இருவரை வீட்டில் நிறுத்தினார்கள். கலியாணத்தோடு இன்னொருத்தி நிறுத்தினாள். நான்காவது ஆள் இன்று இங்கே தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவர். அவருக்குக் கைதட்டினீர்கள். மற்ற மூவரும் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். தேநீர் நேரத்தில் பிடித்துப் பாடச் சொல்லுங்கள், வெட்கப்படுவார்கள், விடாதீர்கள்.

சங்கச் செயற்குழுவின் சம்மதத்தோடு எங்கள் வகுப்பு ஒரு வேலையைத் தொடங்குகிறது. தரம் 9, 10 மாணவிகள் கைத்தொலைபேசியில் தங்கள் பாட்டிமாரின் பாட்டைப் பதிந்து வர வேண்டும். பாடியவரின் முழுப் பெயர், பிறந்த தோட்டம், யாரிடம் கற்றார் என்பதையும் எழுத வேண்டும். 'ஒரு பாட்டி' என்று எழுதினால் திருப்பி அனுப்புவோம். பிரதி ஒன்று நூலகத்தில் இருக்கும், ஒன்று பாடியவர் வீட்டுக்குப் போகும். மெமரி கார்ட் செலவு எங்களுடையது.

முதல் பதிவு வருகிற ஞாயிற்றுக்கிழமை. எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் ஒப்பாரி பாட ஒத்துக்கொண்டிருக்கிறார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மருமகள் சொல்லிவிட்டதால், பதிவு வீட்டில் நடக்காது. லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் பழைய இறப்பர் மரங்கள் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு அங்கே வாருங்கள், அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு.