கலவரம் கடந்து வந்த குடும்பங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். "சோதனையைத் தாண்டிய பெண்கள்" என்று தலைப்புக் கொடுத்தாங்க. ராணி மங்கம்மாளைப் பற்றிப் பேசலாம் என்று சிலர் சொன்னாங்க. நான் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற பெண்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைச்சேன்.

நம்ம பொன்மலையும் கஷ்ட காலத்தைப் பார்த்த ஊர்தான். 1946 செப்டம்பர் 5-ல், ரயில்வே தொழிலாளர் போராட்டத்தின்போது இங்கே போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளர்கள் உயிரிழந்தாங்க. இன்றைக்கும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துறாங்க. சுடப்பட்டவங்க பெயர் நினைவுச் சின்னத்தில் இருக்கு. அதுக்கப்புறம் அந்த வீடுகளில் அடுப்பு எரியவைத்த பெண்கள் பெயர் எதிலும் இல்லை. கலவரம் என்று வந்தால் எப்பவும் இப்படித்தான்.

இங்கிருந்து ஏர்போர்ட் பக்கம் போனால் கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருப்போம். தையல் பயிற்சிக்குப் போனபோது எனக்குப் பக்கத்து மெஷினில் அந்த முகாம் அக்கா ஒருத்தங்க உட்கார்ந்தாங்க. அவங்க அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட கதையை எனக்குச் சொன்னாங்க.

அவங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்ச 1948-லேயே மலையகத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டுட்டாங்க. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3 லட்சம் பேரை இலங்கை வச்சுக்கணும் என்று பிரிச்சாங்க. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமலே பல குடும்பம் காலம் தள்ளியது. அக்காவோட அப்பா தோட்டத்தை விட்டுக் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

1983 ஜூலை 24 ராத்திரி கொழும்பில் கலவரம் தொடங்கியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வச்சுக்கிட்டு, எது தமிழர் வீடு என்று தேடித் தேடிக் கொளுத்தினாங்க. அக்காவுக்கு அப்போ ஐந்து வயசு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இவங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பின்அறையில் அடைச்சு வச்சு, வாசலில் நின்று "இங்கே யாரும் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்காங்க. இரண்டு ராத்திரி அங்கே இருந்தாங்க. வீடு எரிஞ்சுபோச்சு. தாத்தாவோட காகிதம், பிள்ளைகளோட பிறப்புப் பத்திரம் எல்லாம் அதோடு போச்சு. அடுத்த வருஷம் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு கொட்டப்பட்டு. அம்மாவுக்குத் தையல் தெரியும். அதை வச்சுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்காங்க.

இந்தக் கதையைக் கேட்டபோது பத்தாவது சமூக அறிவியல் பாடம் ஞாபகம் வந்தது. ஹிட்லர் காலத்தில் யூதர்கள் பட்ட பாடு. என் மகளோடு உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் படிச்சேன். 1939-ல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் 937 பேர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தாங்க. ஏறக்குறைய எல்லாரும் யூதர்கள். கியூபா 28 பேரை மட்டும் இறங்க விட்டது. அமெரிக்காவும் உள்ளே விடலை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவங்களில் 254 பேர் பின்னால் நாஜிகள் கையில் செத்துப்போனாங்க. அதே சமயத்தில் சீனாவில் ஷாங்காய் நகரத்துக்குள் விசா இல்லாமலே நுழையலாம் என்றிருந்தது. 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கே போய்ப் பிழைச்சாங்க. ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பம். நல்ல வசதியாக வாழ்ந்த வீட்டுப் பெண்கள் தையல் தைத்தாங்க, ரொட்டியும் கேக்கும் சுட்டு வித்தாங்க. மொழி வேற, மதம் வேற. ஆனால் கொட்டப்பட்டு அக்காவோட அம்மா கதைக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை.

இரண்டு கதையிலும் காப்பாத்தினது எது என்று பாருங்க. முதலில், ஒருத்தர் கதவைத் திறந்தாங்க. அடுத்து, பெண்ணோட கையில் ஒரு தொழில் இருந்தது. வீட்டைக் கொளுத்தலாம், தொழிலைக் கொளுத்த முடியாது. நம்ம குழுவில் பயிற்சி என்று கூப்பிட்டால் "வேலை இருக்கு" என்று சொல்ற சகோதரிகள் இதை நினைச்சுக்கணும்.

மூன்றாவது, காகிதம். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன்னால் பிறந்தவங்க பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்று சட்டம் சொல்லுது. கொட்டப்பட்டு முகாம் பெண் ஒருத்தர் மண்டபத்தில் பிறந்ததற்கான சான்றிதழை வச்சு நீதிமன்றம் போய் ஜெயிச்சு, 2024 ஏப்ரல் 19-ல் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். பேப்பரில் எல்லாம் வந்தது. ஆனால் என் பக்கத்து மெஷின் அக்கா பிறந்தது இலங்கையில். தாத்தா இந்த மண்ணிலிருந்துதான் போனார் என்று காட்டக் கையில் ஒண்ணும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும் அவங்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் சொல்றேன், பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், பட்டா எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்க. நகல் ஒண்ணு வேற வீட்டில் இருக்கட்டும். வீட்டுக்காரருக்கு மட்டும் இடம் தெரிந்தால் போதாது, நமக்கும் தெரியணும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. முகாமிலும் மகளிர் குழுக்கள் இருக்கு. அரசு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவங்களுக்கு 1,000 ரூபாய் கொடுக்குது. அதிலும் மிச்சம் பிடிச்சுச் சேமிக்கிறாங்க. அடுத்த விற்பனைக் கண்காட்சியில் அவங்க தைக்கிற துணிக்கு நம்ம வரிசையில் ஒரு மேசை கொடுக்கலாம் என்று எங்க குழுவில் பேசினோம். "நமக்கே கடன் லேட்டாகத்தான் வருது, இதில் அவங்க வேறயா?" என்று சிலர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மேசை கொடுப்பதால் நம்ம கடன் ஒரு ரூபாய் கூடக் குறையாது. கூட்டம் கூடினால் நம்ம ஊறுகாயும் சேர்ந்துதான் விற்கும். இதைத் தீர்மானமாக எடுக்கணும் என்று கூட்டமைப்பைக் கேட்டுக்கிறேன்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் யாரையாவது பற்றிக் கெட்ட செய்தி வந்தால் உடனே அனுப்பிடாதீங்க. கொழும்பு எரிஞ்ச நேரத்தில் வதந்தியும் சேர்ந்துதான் ஊரைக் கொளுத்தியது. அப்படி ஒரு நாள் நம்ம தெருவுக்கு வரக்கூடாது. வந்தால், கதவைத் திறக்கிற பெண்ணாக நாம இருக்கணும். அந்தச் சிங்கள அம்மாவுக்கும் அன்னைக்குப் பயம் இருந்திருக்கும்.